பாரிசோடு கோபித்துக்கொண்ட கொதியர்

மாமனாரோடு கோபித்துக்கொண்டவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மைத்துனரோடு பத்து வருடம் பேசாமல் இருப்பவர்களும் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஆனால் ஒரு முழு நகரத்தோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அந்த நகரம் பாரிஸ். அவர் கொதியர்.

சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் கோபத்தைக் 'கொதி' என்பார்கள். பாரிசில் ரூ காய் என்ற தெருவில் நான் வேலை பார்த்த மளிகைக் கடையின் பின்பக்கம் ஒரு சின்னச் சமையலறை. அதில் அவர் வடையும் ரோல்ஸும் போட்டுக்கொண்டிருந்தார். சட்டியில் எண்ணெய் கொதிப்பதற்கு முன்பே அவர் கொதித்துவிடுவார். அன்றைக்கு எவ்வளவு கோபம் என்பது வடைக்கு வைக்கும் சம்பல் என்ற தேங்காய்த் துவையலின் காரத்தில் தெரியும். விவரம் தெரிந்த வாடிக்கையாளர்கள் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

"அக்கா, இண்டைக்கு அண்ணை எப்பிடி?"

நான் வாயைத் திறக்க மாட்டேன். கையை லேசாக ஆட்டுவேன். சம்பல் வேண்டாம் என்று அர்த்தம்.

நான் கல்லாவில் இருந்தேன். பாண்டிச்சேரிக்காரி. என் வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் நாங்கள் பிரெஞ்சுப் பிரஜைகள். பாரிசுக்கு வெளியே பொண்டி என்ற புறநகரில் குடியிருந்தோம். என் படிப்பு பள்ளிக்கூடத்தோடு நின்றுபோனது. யாராவது முகத்தைப் பார்த்துப் பேசினால் எனக்கு இரண்டாவது வார்த்தை வராது. எனக்குக் கோபம் வராது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வரும். ஆனால் கடையில் வராது. சாயந்திரம் வீட்டில் பாத்திரம் கழுவும்போதுதான் வெளியே வரும். என் வீட்டுக்காரர் பாத்திரச் சத்தத்தை வைத்தே, "இன்னைக்கு யாரு?" என்று கேட்பார்.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், தங்களைப்போல 'ஓம்' என்னாமல் நான் 'ஆமாங்க' என்று சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் கல்லாப் பெட்டிக்குள் தலையை விடாத குறையாகக் குனிந்துகொண்டேன். பின்கதவு படாரென்று திறந்தது. எண்ணெய் சொட்டும் கரண்டியோடு கொதியர் வந்து நின்றார்.

"என்னடா சிரிப்பு? 'ஆமா' எண்டா உனக்குப் பகிடியோ? காகிதம் எடுக்கப் பிரிபெக்சர் கந்தோரிலை நிக்கேக்கை நீ 'உய் மெசியே, உய் மெசியே' எண்டு நாரி முறியக் குனியிறாய். அதுக்கு ஆர் சிரிக்கிறது?"

அவர்கள் வடையை வாங்காமலே போய்விட்டார்கள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கரண்டி என் பக்கம் திரும்பிவிட்டது.

"நீரும் ரெண்டு வார்த்தை திருப்பிக் குடுத்திருக்கலாம். வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ வைச்சிருக்கிறீர்?"

அவர் அப்படித்தான். காப்பாற்றுவார், காப்பாற்றிய கையோடு திட்டுவார்.

அவருடைய கோபங்களில் பெரியது பாரிஸ் மேல் இருந்த கோபம். கடைக்கு ஒரு மாவு வியாபாரி காலண்டர் கொடுத்தார். அதில் ஐஃபில் கோபுரம். மறுநாள் வந்து பார்த்தால் கோபுரத்தின் மேல் பழைய செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. தேதி மட்டும் தெரிந்தது. வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த படஅட்டைகளை அவர் போகும்போதும் வரும்போதும் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். முதலாளி ஓடிவந்து நேராக்குவார். "அண்ணை, யாவாரத்தைக் கெடுக்காதையுங்கோ!" என்று கெஞ்சுவார். "அப்ப லட்சுமி படம் வில்லும்!" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

அவர் பெல்வில் பக்கம் ஒரு அறையில் நான்கைந்து பேரோடு தங்கியிருந்தார். கடைக்கு மெட்ரோவில் வருவார். பாரிஸ் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே நிலத்துக்கு அடியில் போகிறவர் அவர். ஆனால் எங்கள் கடை இருந்த லா ஷப்பலுக்கு வரும் மெட்ரோ பாதி வழியில் பூமிக்கு மேலே ஏறி, பாலத்தின் மேல் ஓடும். சன்னலில் கால்வாய் தெரியும், வானம் தெரியும், வீடுகளின் மாடம் தெரியும். இது அவருக்குச் செய்த துரோகம். ரயில் மேலே ஏறியதும் தமிழ்ப் பேப்பரை இரண்டு கையாலும் விரித்து சன்னலை மறைத்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்களின் மூக்கு பேப்பருக்குள் போய்விடும். ஒரு தடவை ஒரு வயதான பிரெஞ்சுக்கார அம்மாள், இந்த மனிதருக்கு வெளியே இருக்கும் அழகு தெரியவில்லையே என்று இரக்கப்பட்டு, பேப்பரை ஒரு விரலால் மெல்லக் கீழே இறக்கி, "ரெகார்தே, மெசியே! செ பொ!" என்று கால்வாயைக் காட்டியிருக்கிறார். பாருங்கள், எவ்வளவு அழகு என்று. கொதியர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வேறு ரயில் வரும்வரை நின்று, அதில் ஏறி, மறுபடி பேப்பரை விரித்திருக்கிறார். அன்றைக்குச் சம்பலை யாரும் தொட முடியவில்லை.

"ஏண்ணே பாக்க மாட்டேங்கிறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது, எப்படிக் கேட்டேன் என்று. அவர் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப பாத்து முடிச்சிட்டா, பிறகு திரும்பி வரேக்கை என்னத்தைப் பாக்கிறது?"

"எங்கேருந்து திரும்பி வரப் போறீங்க? இங்கதானே இருக்கீங்க?"

"நான் இன்னும் வரேல்லை, தங்கச்சி" என்றார். அரைவை இயந்திரம் நின்றது. "வந்தது ஒருக்காத்தான். அது முந்தி."

அப்புறம்தான் கதை வந்தது. கொதியர் யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஒரு தீவில் பிறந்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்திருக்கிறார். கப்பல் டன்கெர்க் துறைமுகத்தில் நின்றபோது ஒருநாள் விடுப்பு கிடைத்தது. ரயில் ஏறிப் பாரிசின் கார் து நோர் ஸ்டேஷனில் வந்து இறங்கியிருக்கிறார். கையில் பாஸ்போர்ட், தோளில் புதுக் கோட்டு. ஸ்டேஷன் வாசலில் இருந்து தெற்கே நடந்தார். தெருவில் ஒரு பழக்காரர் தானாகவே கூப்பிட்டு ஒரு ஆப்பிள் கொடுத்தாராம். ஒரு போலீஸ்காரர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னாராம். நடந்து நடந்து ஆறு வந்தது. பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில் நின்று மணி பார்த்தால், திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அக்கரையைப் பார்க்காமலே ஓடிவந்து ரயிலைப் பிடித்தார். ஊருக்குப் போய் மனைவியிடம் சொன்னார்: "அடுத்தமுறை உன்னையும் கூட்டிக்கொண்டு போறன். பாலத்திலை பாதியிலை விட்டிட்டு வந்தனான். அங்கையிருந்து துவங்குவம். எல்லாம் நடைதான். பஸ்சும் இல்லை, மெட்ரோவும் இல்லை."

பிறகு எண்பத்து மூன்றின் கலவரம் வந்தது. வீடு போனது. கொதியர் பாரிசுக்கு வந்தார். ஒரு வேனின் பின்பக்கத்தில், இரவில், தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டு வந்தார்.

"இப்பிடி வாறதுக்கே நான் பிளான் போட்டு வைச்சிருந்தனான்?" என்று கத்தினார். "அண்டைக்கு விருந்தாளி. பொலிசு தொப்பியைத் தொட்டவன். இப்ப அதே பொலிசு 'பப்பியே, பப்பியே' எண்டு காகிதம் கேட்டுக் கையை நீட்டுறான். இது வருகையோ? நான் ஒத்துக்கொள்ள மாட்டன்!"

அதனால் பாரிசில் வசித்துக்கொண்டே, பாரிசுக்குத் திரும்பி வருவதற்கு அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். காகிதங்கள் சரியாகும், மனைவி வருவாள், இருவரும் ஒரு நல்ல வெயில் நாளில் கார் து நோர் வாசலில் போய் நிற்பார்கள், இப்போதுதான் ரயிலில் இருந்து இறங்கியதுபோல. அதற்காக ஒரு ஜோடி பழுப்பு நிறத் தோல் சப்பாத்து வாங்கி, பெட்டியோடு பருப்பு மூட்டைக்கு மேல் தட்டில் வைத்திருந்தார். வாரம் ஒருமுறை எடுத்து மெருகு போடுவார். காலில் போட்டதில்லை.

கடையில் ராசன் என்று ஒருவன் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தான். யாருடைய காரிலாவது சாய்ந்து நின்று, பின்னால் கோபுரம் தெரியப் படம் எடுத்து, 'என் கார்' என்று ஊருக்கு அனுப்புகிறவன். அவன் போகவேண்டிய ஒரு கல்யாணம் வந்தது. சப்பாத்து இல்லை. கொதியரின் பெட்டி கண்ணில் பட்டது. திங்கட்கிழமை கடை மூடியிருக்கும், செவ்வாய் காலையில் வைத்துவிடலாம் என்று நினைத்தான். வைத்தான். ஆனால் அடிப்பகுதியில் சிவப்பு மணலும் குதிகாலில் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. கொதியர் பெட்டியைத் திறந்தார்.

"டேய், இது எங்கை போனது?"

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. கலியாணத்துக்குத்தான். பிறகு மாப்பிளை பொம்பிளையோடை படம் எடுக்க அந்தக் கோபுரத்தடிக்கும், ஆத்தங்கரைக்கும்..."

"என்ரை சப்பாத்து எனக்கு முன்னாலை பாரிஸ் பாத்திட்டுதோ?"

அந்தக் குரலில் அலமாரியில் இருந்த ஊறுகாய்ப் போத்தல்கள் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டன. மூன்று நாள் கடையில் வடை இல்லை. முதலாளி ராசனைத் திட்டினார், ராசன் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் சொன்னாக் கேப்பர்" என்றான். எனக்கு ராசன் மேல் வந்த கோபத்தில் அன்று சாயந்திரம் ஒரு பீங்கான் தட்டு உடைந்தது.

கொதியரின் கோபத்துக்கு ஒரு சட்டம் உண்டு. அதை அவரே பெருமையாகச் சொல்வார். சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ஏன்? மாப்பிள்ளை வீட்டார் வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லவில்லை. மதிலுக்கு மேலாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

"அப்ப தாலி கட்டினதை நீங்க பாக்கவே இல்லையா?"

"பாக்காமலோ? வேலிக்கு இங்காலை நிண்டு முழுக்கப் பாத்தனான். உள்ளுக்குப் போகேல்லை. அழையாத வீட்டிலை நான் கால் வைக்க மாட்டன்."

எண்பத்தேழாம் வருடம் கோடையில் கடைக்குத் தொலைபேசி வந்தது. அது கல்லாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கொதியர் மாவுக் கையோடு வந்து எடுத்தார்.

"ஆர்? நீயோ? எங்கை நிக்கிறாய்? ... மொன்றியலோ? ஆர் உன்னை மொன்றியலுக்குப் போகச் சொன்னது? ... கொண்ணன் கூப்பிட்டவனோ? நான் கூப்பிடுறன் எண்டு சொன்னனான் எல்லே! ... சரி, சரி, அழாதை. குளிருக்கு உடுப்பு இருக்கோ?"

கனடாவில் இருந்த மனைவியின் அண்ணன் முந்திக்கொண்டுவிட்டார். இனி மனைவி பாரிசுக்கு வரப்போவதில்லை. கொதியர்தான் அங்கே போகவேண்டும். குளிர்காலம் முடிந்ததும் அவருடைய கனடாக் காகிதமும் வந்துவிட்டது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். கொதியருக்குப் புறப்படக் கையில் இருந்தது இரண்டு வாரம்.

அந்த நாட்களில் மனைவி மறுபடி தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. சந்தோஷமான குரல்.

"ஓம், ஓம், பாத்தனான்" என்றார் கொதியர். "இத்தினை வருசம் இருந்திட்டுப் பாக்காமலோ? ... ஆறு இருக்கு. பாலம் இருக்கு. ... அங்காலையோ?"

நிறுத்தினார். "சொல்லுங்கோவன்!" என்று அங்கிருந்து சத்தம் வந்தது.

"லைன் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ராசன் சும்மா இருக்க மாட்டானே. "அண்ணை, அதுக்கேன் மூஞ்சையை நீட்டுறியள்? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இப்பவே போய் பாத்திட்டு வாங்கோவன். இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?"

"களவாப் போய்ப் பாக்கவோ? என்னை இந்த ஊரிலை ஆர் கூப்பிட்டது? ஒருத்தன் வந்து 'வா' எண்டவனோ? 'ஏன் வந்தனி' எண்டுதானே எல்லாரும் கேட்டவங்கள்! போறன். போய், அங்கையிருந்து அவளோடை முறையா ரிக்கற் எடுத்துத் திரும்பி வருவன்."

வரமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். புது நாட்டில் மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர் உள்ளே போய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிய சத்தம் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. போலீஸ் மேல், அந்த மைத்துனர் மேல், அவர் மேல். அந்தச் சாயந்திரம் பாத்திரம் கழுவும் சத்தத்தில் என் வீட்டுக்காரர் டெலிவிஷனை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னைக்கு யாரு?"

"கொதியண்ணனை நான் கூப்பிடப் போறேன்."

"எங்க?"

"பாரிசுக்கு."

"அவர் பாரிசுலதானே இருக்காரு?"

"இல்ல" என்றேன். கல்யாணமான நாளில் இருந்து நான் அவரிடம் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. அவர் மறுபடி டெலிவிஷனுக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை கடைக்கு விமானத்தில் வெற்றிலை வரும். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே சமையலறை வாசலில் போய் நின்றேன். ஆட்கள் போகட்டும் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.  

"அண்ணே, வர்ற திங்கக்கிழமை எங்க ஊரைச் சுத்திப் பாக்க நீங்க அவசியம் வரணும். குடும்பத்தோட வரணும்."

"குடும்பம் மொன்றியலிலை" என்றார் கொதியர், திரும்பாமல். பிறகு திரும்பினார். தட்டைப் பார்த்தார். "எந்த ஊர்? பாண்டிச்சேரியோ?"

"பாரிஸ். நான் பிரெஞ்சுக்காரி அண்ணே. என் பப்பியேல அப்படித்தான் போட்டிருக்கு. எங்க ஊருக்கு நான் கூப்பிடக்கூடாதா?"

கடையில் யாரும் சிரிக்கவில்லை. ராசன்கூடச் சிரிக்கவில்லை. கொதியரின் கரண்டியில் இருந்த வடை கறுத்துக்கொண்டிருந்தது. அவருடைய முகம் வெற்றிலைக் கொடியில் பூச்சியைக் கண்டதுபோல் சுருங்கியது.

"வெத்திலையை இப்பிடியே வைக்கிறது? காம்பு என்ரை பக்கம் பாக்குது. காம்பு கூப்பிடுற ஆளைப் பாக்கவேணும், நுனி வாற ஆளைப் பாக்கவேணும். இது கூடத் தெரியாமல் என்ன அழைப்பு? அதோடை, புருசன் எங்கை? புருசனும் பெண்சாதியும் சோடியா வந்து சொன்னாத்தான் முறை."

தட்டோடு திரும்பி வந்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் முடியாது என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரரைப் பொண்டியில் இருந்து கிளப்பிக்கொண்டு வந்தேன். எப்படிக் கிளப்பினேன் என்று கேட்காதீர்கள். வழியெல்லாம், "பைத்தியக்காரனுக்கு வைத்தியம் பாக்குறியா?" என்று திட்டிக்கொண்டே வந்தார். ஆனால் கோட்டு போட்டபோது தானாகவே பதக்கங்களையும் குத்திக்கொண்டார். அழைப்பு என்றால் சும்மாவா? சமையலறை வாசலில் காலை ஒட்டி நின்று சல்யூட் அடித்தார். எதிரே நின்ற கொதியர் கரண்டியோடு விறைத்துப்போனார்.

"பிரெஞ்சுக் குடியரசு சார்பா, உங்களைப் பாரிசுக்கு அன்போட அழைக்கிறோம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் தட்டை நீட்டினேன். காம்பு என் பக்கம் இருந்தது.

கொதியர் கையைத் துடைத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்து, ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார். "இப்பத்தான் முறை" என்றார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டார். அன்றைய சம்பலில் காரமே இல்லை.

திங்கட்கிழமை மழை. கார் து நோர் வாசலில் கொதியர் பழுப்புச் சப்பாத்தோடும் கோட்டோடும் நின்றார். நானும் என் வீட்டுக்காரரும் ஒரு குடையில். "கூப்பிட்ட ஆக்கள் மழையை நிப்பாட்டி வைக்கிறதில்லையோ?" என்று ஆரம்பித்தார். அன்றைக்குப் போன அதே வழியில்தான் போகவேண்டும் என்றார். நேரே தெற்கே. பழக்காரரின் இடத்தில் சலவைக் கடை இருந்தது. அதற்கு ஒரு திட்டு. ஒரு பெரிய கல் வளைவு வந்ததும், "இதுதானே அந்தப் பேர்போன வளைவு?" என்றார். பேர்போனது ஊரின் மறுபக்கத்தில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ராணுவப் பெருமையோடு விளக்கினார். அதற்கு ஒரு திட்டு.

வளைவுக்கு அப்பால் தெரு மாறியது. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றார்கள். அலங்காரமாக, அந்த மழையிலும் குளிரிலும் குறைந்த துணியோடு. ஒருத்தி என் வீட்டுக்காரரின் பதக்கங்களைப் பார்த்து, "போன்ழூர், ழெனரால்!" என்றாள். நமஸ்காரம் ஜெனரல் என்று. அவர் தன்னை அறியாமல் சல்யூட் அடிக்கக் கையை உயர்த்தினார். நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

"அண்டைக்கு இவையள் நிக்கேல்லை!" என்று கொதியர் அலறினார். "தங்கச்சி, நிலத்தைப் பாத்து நடவும்! ஐயா, நீங்களும் நிலத்தைப் பாருங்கோ!"

நாங்கள் நிலத்தைப் பார்த்து நடந்தோம். எங்களை அப்படி நடக்கச் சொன்னவர், தான் வானத்தைப் பார்த்து நடந்தார். பாரிஸ் நாய்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. அவற்றுக்கு நடைபாதைதான் கொல்லைப்புறம். இத்தனை வருடம் மெருகு போட்டுக் காத்த பழுப்புச் சப்பாத்து, நேராக அதில் போய் இறங்கியது.

அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. வாசலில் நின்ற பெண்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் இரண்டு பேர் உள்ளே போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி எடுத்தது. ஆற்றுக்குச் சற்று முன்னால் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்துவிட்டார். நானும் கொதியரும் பாலத்தில் ஏறினோம். மழை தூறலாகிவிட்டது. ஒரு விளக்குக் கம்பத்தடியில் அவர் நின்றார்.

"இஞ்சைதான்."

 ஆறு போய்க்கொண்டிருந்தது. கொதியர் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல்தடவை. அவருடைய கால் முன்னே போகவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. திரும்பினால் மொன்றியலில் ஆயுள் முழுக்க 'லைன் சரியில்லை' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

மெல்லக் கேட்டார். "அங்காலை என்ன கிடக்கு, தங்கச்சி?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "தெரியாதுண்ணே."

"என்ன தெரியாது?"

"நானும் இந்தப் பாலத்தைத் தாண்டினதில்ல. பொண்டியிலேருந்து கடைக்கு வருவேன், கடையிலேருந்து பொண்டிக்குப் போவேன்."

அவர் கம்பத்தைப் பிடித்திருந்த கையை விட்டார். 

"தெரியாதோ? உம்மடை ஊரெண்டனீர்! வெத்திலை வைச்சனீர்! பிரெஞ்சுக் குடியரசு எண்டு உம்மடை மனிசன் சல்யூட் அடிச்சவர்! வீட்டுக்காரிக்கே தெரியாத வீட்டுக்கோ என்னைக் கூப்பிட்டனீர்? எனக்குக் காகிதம் இல்லை, நான் பாக்கேல்லை. உமக்கு என்ன குறை? ஆர் உம்மைத் தடுத்தது? இப்பிடி ஒரு ஊரை வைச்சுக்கொண்டு, கல்லாப் பெட்டிக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு இருந்தனீரோ?"

கையை வீசித் திட்டினார். திட்டும்போது அவரால் ஒரே இடத்தில் நிற்க முடியாது, அது கடையில் எல்லோருக்கும் தெரியும். நான் பின்வாங்கினேன், அவர் முன்னேறினார். நான் தெற்குப் பக்கமாகவே பின்வாங்கினேன். வேண்டுமென்றுதான். பாலத்தில் வந்த கோட்டுக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் அப்பா முதல் என் வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் திட்டு விழுந்தது. திட்டி முடித்து அவர் மூச்சு வாங்கியபோது, பாலம் எங்களுக்குப் பின்னால் இருந்தது.

கொதியர் திரும்பிப் பார்த்தார். காலைப் பார்த்தார். தரையில் சப்பாத்தால் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"வந்திட்டமோ?"

"வந்துட்டோம்ணே."

பக்கத்தில் ஒரு பெரியவர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பிரெஞ்சில் பேசினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல்தடவை. இது அக்கரையா என்று கேட்டேன். இல்லை மதாம், இது ஆற்றின் நடுவில் இருக்கும் தீவு, அக்கரைக்கு இன்னொரு பாலம் தாண்ட வேண்டும் என்றார். கொதியரிடம் சொன்னேன்.

"தீவோ?" என்றார். "தீவிலை பிறந்து, தீவை விட்டு ஓடி, கடலெல்லாம் சுத்தி, கடைசியிலை தீவிலையே கொண்டுவந்து ஏத்திப்போட்டீரே!"

சிரித்துவிட்டார். சத்தமாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. நாய்க்காரர் பயந்து விலகிப்போனார். அதன் பிறகு இரண்டாவது பாலத்தையும் தாண்டினோம். சாயந்திரம்வரை நடந்தோம். எல்லாவற்றையும் நின்று பார்த்து எல்லாவற்றையும் திட்டினார். என் வீட்டுக்காரரைக் காபிக் கடையில் மறந்துவிட்டோம்.

கொதியர் மொன்றியலுக்குப் போய்விட்டார். சப்பாத்தைக் கழுவி, மெருகு போட்டு, பெட்டியோடு பருப்பு மூட்டைக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனார். போன கொஞ்ச நாளில் கடைக்குத் தொலைபேசி வந்தது. எடுத்ததும் காதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"தங்கச்சி, உம்மாலை வந்த வினை! எல்லாத்தையும் இவளுக்கு விபரமாச் சொன்னனான். தன்னை விட்டிட்டு அங்காலை போயிட்டன் எண்டு இவள் என்னோடை கதைக்கிறாளில்லை. பாரிசோடையும் கோவமாம். முறையா வந்து கூப்பிட்டாத்தான் காலடி வைப்பாளாம்!"

"நீங்க வருவீங்களாண்ணே?"

"எனக்கென்ன? எனக்கு அந்த ஊரோடை ஒரு பிரச்சினையும் இல்லையே!"

இப்போது திங்கட்கிழமைகளில் நான் தனியாகப் பாலம் தாண்டிப் போகிறேன். யாராவது அங்காலை என்ன என்று கேட்டால் இனிமேல் தெரியாது என்று சொல்லக்கூடாது இல்லையா? எங்கே மழைக்கு ஒதுங்கலாம், எங்கே உட்காரப் பெஞ்சு இருக்கிறது, எந்தத் தெருவில் நிலத்தைப் பார்த்து நடக்க வேண்டும், எல்லாம் பார்த்து வைத்திருக்கிறேன். மொன்றியல் தூரம்தான். ஆனாலும் போன வாரம் என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே பதக்கங்களை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வெற்றிலைத் தட்டைத் துலக்கி வைத்தேன்.

காம்பு என் பக்கம். நுனி அவர்கள் பக்கம்.